குறைமாதக் குழந்தையின் குடலைக் காப்பது எப்படி?

ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு முதல் ஓரிரு நாள் கொடுக்கும் பால், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லி அளவில்தான் இருக்கும். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ வயிறு வரை போகும் மெல்லிய குழாயின் முனையில் ஒரு சிரிஞ்சைப் பொருத்தி, அழுத்தாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார் சிஸ்டர். பால் தானாக இறங்கும். நாள் முழுக்கக் கூட்டினாலும் 12 மில்லிதான். வேலூரில் எந்த மருத்துவமனையிலும் பச்சிளங்குழந்தை வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி இதைப் பார்த்தால், "இத்தினூண்டு பாலு இன்னாத்துக்கு ஆவும்?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. உடம்புக்கு வேண்டிய சத்து நரம்பு வழியே ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு மில்லி போவது குடலைப் பழக்குவதற்காக. ஏன் அப்படிப் பழக்க வேண்டும், பழக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறும், மஞ்சள் காமாலை வரும், கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதெல்லாம் இன்று பலருக்குத் தெரியும். குடலுக்கு வரும் ஆபத்தைப் பற்றி, அனுபவப்பட்ட வீட்டைத் தவிர, அவ்வளவாக யாருக்கும் தெரிவதில்லை. நெக்ரோடைசிங் எண்டெரோகொலைட்டிஸ் என்பது அதன் முழுப்பெயர். வார்டில் சுருக்கமாக ‘நெக்’ என்பார்கள். குடல் சுவர் வீங்கி, புண்ணாகி, அந்த இடத்துத் திசுவே செத்துப்போகிற நோய். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் பகுதியைத்தான் அதிகம் தாக்குகிறது. முற்றினால் குடலில் ஓட்டை விழுந்து, உள்ளே இருக்க வேண்டிய கிருமிகள் வயிற்றறைக்குள்ளும் ரத்தத்திலும் பரவிவிடும்.

எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் வருவதில்லை. 1500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்தவர்களில் 100-க்கு 5 முதல் 7 பேருக்கு வரலாம் என்பது உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் வந்துவிட்டால் 100-க்கு 20, 30 குழந்தைகளைப் பறித்துக்கொள்கிறது. அறுவை சிகிச்சை வரை போனால் இழப்பு இன்னும் அதிகம். பிழைத்தாலும், வெட்டி எடுத்தது போக மீந்த குடல் குட்டையாகி, மாதக்கணக்கில் சத்து ஏறாமல் தவிக்கும் குழந்தைகள் உண்டு. வந்தபின் வைத்தியம் என்று பார்த்தால், பாலை நிறுத்துவது, வயிற்றில் சேரும் காற்றைக் குழாய் வழியே வெளியேற்றுவது, ஆன்டிபயாடிக் ஊசி, நரம்பு வழிச் சத்து, ஓட்டை விழுந்தால் கத்தி. அவ்வளவுதான். வராமல் பார்த்துக்கொள்ளத்தான் வழிகள் நிறைய இருக்கின்றன, அதில் பாதி வீட்டார் கையில் இருக்கிறது.

இந்தக் குழந்தைகளின் குடல் ஏன் இவ்வளவு எளிதில் பாதிக்கப்படுகிறது? கருவில் கடைசி மூன்று மாதங்களில்தான் சிறுகுடலின் நீளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. அதற்குள் வெளியே வந்துவிட்ட குழந்தையின் குடல், செங்கல் அடுக்கியாயிற்று, இடையில் சிமெண்ட்டும் மேலே பூச்சும் இன்னும் போடவில்லை என்ற நிலையில் நிற்கும் சுவர். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் பிணைப்பு தளர்வாக இருக்கிறது. மேலே படர வேண்டிய கோழைப் படலம் மெல்லிசாக இருக்கிறது. குடலின் அசைவும் மெதுவாக இருப்பதால் பால் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி பெருகுகிறது.

இதோடு இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. கிருமி வந்திருப்பதை உடம்புக்கு அறிவிக்கும் டி.எல்.ஆர்-4 என்ற புரதம், மாதம் நிறையாத குடலில் தேவைக்கு மேல் சுறுசுறுப்பாக இருக்கிறது. கருவுக்குள் குடல் வளர உதவிய அதே புரதம், வெளியே வந்து கிருமியைக் கண்டதும் அளவுக்கு மீறிக் கொதிக்கிறது. வீக்கம் கூடுகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, திசு சாகிறது. ஆக, கிருமி பாதி காரணம் என்றால் குழந்தையின் சொந்த உடம்பு காட்டும் பதற்றம் மீதிப் பாதி. ஆன்டிபயாடிக் மட்டும் போட்டு இதைத் தடுத்துவிட முடியாமல் இருப்பதும் இதனால்தான்.

"ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை பிழைக்காது" என்று நம் ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். தப்பு. கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் இந்த நோயின் ஆபத்தைக் குறைக்கிறது. 26 வாரத்துக் குழந்தைக்கு இருக்கும் பயம் 34 வாரத்துக் குழந்தைக்குக் கிட்டவே வராது. டாக்டர்கள் மாதத்தை விட்டு வாரக் கணக்கில் பேசுவதும் அதனால்தான்.

சரி, தடுப்பு எங்கே தொடங்குகிறது? பிரசவத்துக்கும் முன்னால். 24-இலிருந்து 34 வாரத்துக்குள் வலி எடுத்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ தாய்க்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக டெக்ஸாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு ஊசி. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட வேண்டும் என்பதற்காகத்தான் இதைப் போடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நுரையீரலோடு குடலும் சேர்ந்தே பக்குவப்படுகிறது. ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு நெக் வருவது கணிசமாகக் குறைவு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. ஆனால் ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும், முழுப் பலனுக்கு ஒரு நாளாவது. பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமத்திலிருந்து ஒடுகத்தூருக்கு இறங்கவே பாதி நாள் போய்விடும் என்றால், "இது சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி" என்று வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இதில்தான் கழிகிறது. முதல் ஊசியைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். கிராம சுகாதார செவிலியரும் போடலாம் என்று மத்திய அரசு 2014-லேயே வழிமுறை வகுத்திருக்கிறது. மேலே அனுப்பும்போது "ஊசி போட்டாச்சா, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பால். இந்த நோயைத் தடுக்க இன்றுவரை இதைவிடப் பெரிய ஆயுதம் கிடைக்கவில்லை. 1990-இல் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை வைத்து லூக்காஸ், கோல் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், பவுடர் பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு நெக் வந்தது, தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகம். அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் அதே திசையில்தான் பேசுகின்றன.

தாய்ப்பாலில் உள்ள ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் பொருள் குடல் சுவரில் படிந்து கிருமி ஒட்டாமல் தடுக்கிறது. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் விட்டுப்போன பூச்சு வேலையை முடிக்க உதவுகின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒருவகைச் சர்க்கரை. ஒலிகோசாக்கரைடு என்று பெயர். குழந்தையால் அதைச் செரிக்கவே முடியாது. அப்புறம் எதற்காகத் தாயின் உடம்பு அதை மெனக்கெட்டுத் தயாரிக்கிறது? குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல கிருமிக்காக. அது தழைத்தால் கெட்ட கிருமிக்கு இடமில்லை.

முதல் மூன்று நாள் சுரக்கும் சீம்பாலில் இந்தக் காவல் சரக்கு மிக அடர்த்தியாக இருக்கிறது. மஞ்சளாக, கெட்டியாக, சில சொட்டுதான் வரும். "கெட்ட பால், பீய்ச்சிக் கீழே ஊத்து" என்று இன்னமும் சொல்லும் வீடுகள் உண்டு. அந்தச் சொட்டுகளைச் சிரிஞ்சிலேயே நேரடியாக உறிஞ்சி எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாம். குழாய் வழிப் பால் தொடங்காத குழந்தைக்குக்கூட, பஞ்சு முனையில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவிவிடுகிறார்கள்.

34 வாரம் வாக்கில்தான் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒத்துப்போகும். அதுவரை பாலைப் பீய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். குழந்தை பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது. ஒரு நாளைக்கு எட்டு முறையாவது, அதில் இரவில் ஒரு முறையாவது. முதல் இரண்டு நாள் ஒன்றும் வராததுபோல் தோன்றும், அதற்காக விட்டுவிட்டால் சுரப்பு வற்றிவிடும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பதும், பத்தியம் என்று ரசஞ்சோறு மட்டும் போடுவதும் இந்த நேரத்தில் வேண்டாம். அவள் வயிறாரச் சாப்பிட்டு, கேட்ட தண்ணீரைக் குடிக்கட்டும்.

நம் பக்கத்தில் பெரிய சிக்கல் வேறு. பிரசவம் திருப்பத்தூரிலோ குடியாத்தத்திலோ நடந்திருக்கும். குழந்தையை 108-இல் ஏற்றி வேலூர் சி.எம்.சி.க்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பியிருப்பார்கள். சிசேரியன் தையலோடு தாய் அங்கேயே படுத்திருப்பாள். அப்பா இரண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் பைக்கில் அலைவார். அந்த இரண்டு மூன்று நாளில்தான் பவுடர் பால் உள்ளே நுழைகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பாலைக் கொண்டுவந்து சேர்க்க ஆள் இல்லை என்பதுதான் காரணம். குழந்தை போன வண்டிக்குப் பின்னாலேயே பாலும் போக வேண்டும் என்று முதல் நாளே வீட்டார் முடிவு கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மருத்துவமனை கொடுக்கும் சுத்தம் செய்த மூடி போட்ட டப்பாவில் பிடித்து, தாயின் பெயர், தேதி, மணி எழுதி ஒட்டி, ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள். வெளியே வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி இருக்கும் அறைக்குச் சொன்னது. 40 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திர வேலூரில், பைக் டேங்க் மேல் மாட்டிய பையில், அந்தக் கணக்கு செல்லாது. பிறகு அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கவும் வேண்டாம். வார்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துப் பதப்படுத்திக்கொள்வார்கள்.

தாய்க்கு உடம்பு முடியவில்லை, பால் போதவில்லை என்றால் அடுத்த வழி தாய்ப்பால் வங்கி. நம் நாட்டில் முதல் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது. கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி போன்ற தொற்று இருக்கிறதா என்று ரத்தம் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, மறுபடி கிருமிச் சோதனை செய்து உறைய வைக்கிறார்கள். சூட்டில் காவல் சரக்கில் ஒரு பகுதி போய்விடும். அப்படியிருந்தும் பவுடர் பாலோடு ஒப்பிட்டால் நெக் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. இதைக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெண்ணிடம் நேராகப் பால் வாங்கி ஊட்டிவிடாதீர்கள். சோதிக்காத பாலில் தொற்று வரலாம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். குழந்தை ஓரளவு பால் குடிக்கத் தொடங்கியதும், பீய்ச்சிய தாய்ப்பாலில் ஒரு பொடியைக் கலப்பார்கள். எலும்புக்கும் எடைக்கும் வேண்டிய புரதம், கால்சியம் அதில் இருக்கிறது. தாய்ப்பாலுக்குப் பதிலாக ஊட்டும் டப்பா பால் வேறு, இது வேறு. அந்தப் பொடியைக் கண்டு பயந்து நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. டப்பா பாலையும் ஒரேயடியாக விஷம் என்று சொல்ல நான் வரவில்லை, வேறு வழியே இல்லாத இடத்தில் டாக்டர் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992-இல் இந்த நாடு சட்டம் போட்டது சும்மா இல்லை.

ஒரு மில்லிக்குத் திரும்புவோம். பாலே கொடுக்காமல் குடலுக்கு ஓய்வு கொடுத்தால் நோய் வராது என்று முன்பு நினைத்தார்கள். பட்டினி போட்ட குடல் இன்னும் மெலிந்துதான் போனது, நோயும் குறையவில்லை. இப்போது முதல் நாளிலிருந்தே கொஞ்சமாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். எவ்வளவு வேகமாக? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2804 குழந்தைகளிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 18 மில்லி ஏற்றுவதையும் 30 மில்லி ஏற்றுவதையும் ஒப்பிட்டது. நெக் வருவதில் வித்தியாசம் இல்லை. 30 என்றால், நம் ஒரு கிலோக் குழந்தைக்கு வேளைக்கு இரண்டரை மில்லி நாள்தோறும் கூடும். வேகத்தைவிட, எல்லா ஷிப்டிலும் எல்லா டாக்டரும் எழுதி வைத்த ஒரே முறையைப் பின்பற்றுவதுதான் முக்கியம். அப்படிப்பட்ட வார்டுகளில் இந்த நோய் குறைகிறது.

நல்ல கிருமிகளையே சொட்டு மருந்தாகக் கொடுத்துவிட்டால் என்ன? இதில்தான் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் புரோபயாட்டிக் கொடுத்த குழந்தைகளுக்கு நெக் குறைகிறது. ஆனால் 2016-இல் இங்கிலாந்தில் ஒரேவகைக் கிருமியை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. எந்தக் கிருமி, எந்தக் கலவை என்பதைப் பொறுத்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்றது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கொடுத்த கிருமியே ரத்தத்தில் பரவி ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததும், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. என் கட்சி இதுதான்: வார்டில் டாக்டர் யோசித்து, தரம் தெரிந்த ஒன்றைக் கொடுத்தால் கொடுக்கட்டும். மருந்துக் கடையில் நாமாக ஒரு பாக்கெட் வாங்கிவந்து கலப்பது வேண்டவே வேண்டாம். தயிரிலும் அதே கிருமிதானே என்று மோர்த் தெளிவு ஊட்டுவதும் அதே கதை.

வார்டில் கொடுக்காமல் இருப்பதும் ஒரு தடுப்புதான். தொற்று இல்லை என்று கல்ச்சர் சோதனை காட்டிய பிறகும் ஆன்டிபயாடிக்கை நாள்கணக்கில் நீட்டினால் நல்ல கிருமிகளும் சேர்ந்து அழியும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் போன்ற மருந்துகள் நெக் வாய்ப்பைக் கூட்டுகின்றன. "ஊசியை ஏன் நிறுத்திட்டாங்க?" என்று கவலைப்படும் அப்பாக்கள், சில சமயம் அதற்குச் சந்தோஷப்பட வேண்டும்.

கை கழுவுவதைச் சொல்லவே வேண்டாம், வாசலிலேயே எழுதியிருக்கும். கங்காரு முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், எடை குறைந்த குழந்தையைப் பிறந்த உடனேயே தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்ததில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ரத்தத் தொற்றும் குறைந்தது. குழந்தை மார்பில் இருந்தால் பாலும் நன்றாகச் சுரக்கிறது. அம்மா வர முடியாத நாளில் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம்.

இவ்வளவு செய்தும் சில குழந்தைகளுக்கு வந்துவிடும். மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளுக்கு இது இரண்டாவது முதல் நான்காவது வாரத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. எடை ஏறுகிறது, பால் கூடுகிறது, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் போனில் விசாரிப்பதும் குறைந்துவிட்டது என்ற நேரம். அதனால்தான் சிஸ்டர் தொப்புளுக்கு மேலாக டேப் வைத்து வயிற்றின் சுற்றளவை எழுதிக்கொண்டே இருக்கிறார். மூச்சுக்குக் காற்று கொடுக்கும் சி-பாப் கருவியில் இருக்கும் குழந்தைக்கு வயிறு கொஞ்சம் உப்பியிருப்பது சகஜம், அது மட்டுமே நெக் ஆகாது. ஆனால் வயிறு விறைத்துப் பளபளப்பாவது, பச்சை நிறத்தில் பால் எதிர்த்து வருவது, மலத்தில் ரத்தம், நேற்றுவரை துறுதுறுவென்று இருந்த குழந்தை துவண்டு அடிக்கடி மூச்சை நிறுத்துவது, இவை தெரிந்தால் பாலை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். குடல் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் நோய் உறுதி. கங்காருவில் மணிக்கணக்கில் வைத்திருக்கும் தாய்க்குத்தான் "இன்னிக்கு ஏதோ சரியில்ல" என்பது சில சமயம் முதலில் தெரியும். தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஆனாலும் உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், தெருவில் கூவி விற்கும் கழுதைப் பால் எதுவும் இந்தக் குழந்தைக்கு வேண்டாம். நேராக மார்பில் குடிக்கத் திணறினால் பீய்ச்சி, பாலாடைச் சங்கில் கொடுக்கலாம். பாட்டில் போல இடுக்குகள் இல்லாததால் தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வயிறு ஊதி ரத்தமாக மலம் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப்போய், குழந்தை எத்தனை வாரத்தில், எத்தனை கிராமில் பிறந்தது என்பதைப் பார்க்கும் முதல் டாக்டரிடமே சொல்லிவிடுங்கள்.